ஈறா, மரபணுவா, வைரஸா: புற்றுநோய்க்கு யார் மேல் பழி?

கல்வெட்டு
மார்ச் 2, இரவு 9.14

ஈறு நோய்க் கிருமி குடல் கட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு கட்டுரை. வைரஸ்தான் காரணம் என்று இன்னொன்று. "எல்லாம் மரபணு, தலையெழுத்து" என்று மூன்றாவது. மூன்றில் ஒன்றுதான் உண்மையான காரணமாக இருக்க முடியும், மற்ற இரண்டும் ஊதிப் பெருக்கியவை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

நுண்ணோக்கி
மார்ச் 2, இரவு 10.02

கணக்குத்தானே, பிடியுங்கள். 2018இல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டறிந்த புற்றுநோய்களில் சுமார் 22 லட்சம், அதாவது 13 சதவீதம், தொற்றுகளால் வந்தவை. இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா 8.1 லட்சம், எச்.பி.வி. என்ற பாப்பிலோமா வைரஸ் 6.9 லட்சம், ஹெபடைடிஸ் பி 3.6 லட்சம், ஹெபடைடிஸ் சி 1.6 லட்சம். பெற்றோரிடமிருந்து வந்த வலுவான ஒற்றை மரபணுக் கோளாறின் பங்கு 5 முதல் 10 சதவீதம். வாய்க் கிருமிகளுக்கு இப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட எண் எதுவும் இல்லை. ஆக 13 + 10 = 23. மீதி 77 புகையிலை, மது, உடல் பருமன், வயது, தற்செயல் என்று பிரியும்.

நுண்ணோக்கி
மார்ச் 3, காலை 6.50

இரவு போட்ட கூட்டல் காலையில் பல்லிளிக்கிறது. அழிக்காமல் விடுகிறேன், ஏன் தப்பு என்று தெரியட்டும்.

இந்தப் பங்குகள் ஒரு தட்டில் வெட்டி வைத்த துண்டுகள் அல்ல. ஒரே கட்டியை இரண்டு கணக்கிலும் எழுதலாம். 2023இல் ஜப்பானிலிருந்து வந்த இரைப்பைப் புற்றுநோய் ஆய்வைப் பாருங்கள். பைலோரி தொற்று இருந்து, பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2, ஏ.டி.எம்., பி.ஏ.எல்.பி. 2 ஆகிய டி.என்.ஏ. பழுதுபார்ப்பு மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால், 85 வயதுக்குள் புற்றுநோய் வரும் வாய்ப்பு 45.5 சதவீதம். தொற்று மட்டும் இருந்து மரபணு சரியாக இருந்தால் 14.4. தொற்றே இல்லையென்றால், மரபணு கெட்டிருந்தாலும் 5 சதவீதத்துக்குக் கீழே.

45.5 என்பதைக் கல்லில் செதுக்க வேண்டாம். அதன் நம்பக எல்லை, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு, 20.7 முதல் 62.6 வரை விரிகிறது. ஆனால் திசை தெளிவு. பைலோரி உண்டாக்கும் நெடுநாள் அழற்சியில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுகின்றன. அந்த அறுந்த முனைகளைப் பிழையில்லாமல் ஒட்டுவது மேலே சொன்ன மரபணுக்களின் வேலை. ஓட்டை கூரையில், மழை வெளியே. நனைந்ததற்கு எது காரணம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கல்வெட்டு
மார்ச் 3, காலை 8.20

கூரை என்பேன்.

நுண்ணோக்கி
மார்ச் 3, காலை 8.41

கூரையை மாற்ற முடியாது. மழையை, அதாவது பைலோரியை, 14 நாள் மாத்திரையில் நிறுத்தலாம். முடிந்து நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, போய்விட்டதா என்று உறுதி செய்யவேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். இந்த இரண்டாவது பரிசோதனையைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

மரபுவழி
மார்ச் 3, மதியம் 1.15

"தலையெழுத்து" என்ற சொல்லுக்கு மட்டும் பதில்.

1971இல் ஆல்ஃப்ரெட் நட்சன் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற குழந்தைகளின் விழித்திரைக் கட்டியை வைத்து இரண்டு அடிக் கருத்தைச் சொன்னார். ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. பிறவியிலேயே ஒன்று கெட்டவருக்கு இன்னும் ஓர் அடி போதும், மற்றவருக்கு ஒரே செல்லில் இரண்டு அடியும் விழவேண்டும். அதனால்தான் பரம்பரை வகை சீக்கிரம் வருகிறது, இரண்டு கண்ணிலும் வருகிறது. பிறக்கும்போது யாரும் புற்றுநோயைக் கொண்டு வருவதில்லை, முதல் அடியைத்தான் கொண்டு வருகிறார்கள்.

பி.ஆர்.சி.ஏ. 1 கெட்ட பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், சூலகப் புற்றுநோய் 44. பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் 69, 17. பெரிய எண்கள்தான், ஆனால் நூறு இல்லை. இது அப்பா வழியாகவும் வரும். "அம்மா பக்கம் யாருக்கும் இல்லையே" என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஆண்களுக்கும் பி.ஆர்.சி.ஏ. 2இல் புராஸ்டேட், கணையம், மார்பகம் என்று ஆபத்து உண்டு.

மரபுவழி
மார்ச் 3, மதியம் 1.52

பரிசோதனை செய்ய நினைப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம், இரண்டு பக்கமும். யாருக்கு எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்பதுதான் முக்கியம். "வயிற்றில் கேன்சர்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. இரைப்பையா, பெருங்குடலா, சூலகமா? அதற்கேற்ப மரபணுவே மாறும்.

நோய் வந்தவரை முதலில் பரிசோதிக்கவேண்டும். அவரிடம் கோளாறு கண்டபின் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், பதில் ஆம் அல்லது இல்லை. நேரே நோயில்லாதவரைப் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: குடும்பக் கோளாறு இவருக்கு வரவில்லை, அல்லது குடும்பக் கோளாறு இந்தப் பரிசோதனையின் வலையிலேயே இல்லை. எது என்று சொல்ல வழியில்லை.

அறிக்கையில் "பொருள் தெரியாத மாற்றம்" என்று மூன்றாம் வகுப்பில் வந்தால் அதை வைத்து எந்த அறுவை சிகிச்சையும் கூடாது. பின்னாளில் மறுவகைப்படுத்தப்படும்போது பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. மரபணுவின் எழுத்துப் பிழைகளை மட்டும் தேடும் பரிசோதனை, முழுப் பக்கமே காணாமல் போனதைக் கவனிக்காது. பெரிய வெட்டுகளையும் இரட்டிப்புகளையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இரத்தப் புற்றுநோய் இருப்பவருக்கு இரத்தத்தில் எடுக்கக்கூடாது, கட்டியின் மாற்றம் பிறவி மாற்றம் போல் தோன்றும். எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்தவரின் இரத்தம், மஜ்ஜை கொடுத்தவரின் மரபணுவைக் காட்டும். உமிழ்நீரும் அப்படியே, அதில் வெள்ளணுக்கள் நிறைய. இவர்களுக்குத் தோலிலிருந்து செல் எடுத்து வளர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

பல்லவன்
மார்ச் 3, இரவு 7.30

உமிழ்நீர் என்றதும் என் பேட்டை. மரபணுப் பரிசோதனைக்குக் குழாயில் துப்பும் எச்சிலில் உள்ள டி.என்.ஏ.வில் ஒரு பகுதி பாக்டீரியாவுடையது. ஒளியை வைத்து மொத்த டி.என்.ஏ.வை அளந்தால் மனித டி.என்.ஏ. நிறைய இருப்பது போலக் காட்டும், பிறகு பரிசோதனை பாதியில் படுத்துவிடும். அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் துப்பச் சொல்வது வெறும் சடங்கு இல்லை.

வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள். இதில் பேர் கெட்டவை இரண்டு: ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். முதலாவதை 2012இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பெருங்குடல் கட்டிகளில் கண்டன. அதன் மேற்பரப்பில் இரண்டு கொக்கிகள் உண்டு. ஃபாட்-ஏ என்ற புரதம் குடல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேடரின் என்ற புரதத்தைப் பிடித்து, செல்லுக்குள் "பெருகு" என்ற சைகையை முடுக்கிவிடுகிறது. ஃபாப்-2 என்பது கட்டிகளின் மேல் அதிகமாக இருக்கும் ஒரு சர்க்கரையைப் பிடிக்கிறது. அதே கொக்கி நோயெதிர்ப்புச் செல்களின் தடைப் பொத்தானையும் அழுத்துகிறது. 2017இல் கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் இந்தக் கிருமி கூடவே பயணம் செய்திருப்பதைக் கண்டார்கள்.

கல்வெட்டு
மார்ச் 3, இரவு 7.48

பல்லவன் என்று பேர் வைத்ததே பல்லுக்காகத்தானா, நான் வரலாறு என்று நினைத்தேன்.

சரி, அப்படியானால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டுக் கிருமியைக் கொன்றால் குடல் புற்றுநோய் வராது?

நுண்ணோக்கி
மார்ச் 3, இரவு 8.30

நிறுத்துங்கள். அந்த 2017 ஆய்வில் மெட்ரோனிடசோல் கட்டி வளர்ச்சியைக் குறைத்தது மனிதக் கட்டித் துண்டுகளை ஒட்டிய எலிகளில். புற்றுநோயைத் தடுக்க மனிதர்களுக்குக் கொடுக்க அது ஆதாரமே இல்லை.

ஃபூசோபாக்டீரியத்தில் இன்னும் அவிழாத முடிச்சு முன்பின் பற்றியது. ஆக்சிஜன் குறைந்த, சர்க்கரை பூசிய கட்டி அதற்குச் சத்திரம் போல. வந்து தங்கியதா, வீட்டைக் கட்டியதா? தங்கியபின் தீங்கு செய்கிறது என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று நன்றாக இருக்கிறது. முதலில் கட்டியைத் தொடங்கி வைத்தது அதுதான் என்பதற்குச் சான்று மெலிது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பைலோரியை 1994இலேயே முதல் குழுவில், மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில், வைத்துவிட்டது. எந்த வாய் பாக்டீரியாவும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஜிஞ்சிவாலிஸ் கதையும் அப்படித்தான். 2018இல் வந்த ஆய்வில், நோய் வருமுன்னே எடுத்து வைத்த வாய் கொப்பளித்த நீரில் அது இருந்தவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் அதிகம். நோய்க்கு முந்தைய மாதிரி என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் 60 சதவீதம் அதிகம் என்பதை நூற்றுக்கு அறுபது பேர் என்று படித்துவிடாதீர்கள். அரிய நோய் ஒன்றின் சிறிய வாய்ப்பு சுமார் 1.6 மடங்கு ஆகிறது, அவ்வளவே. அதே ஆய்வில் ஃபூசோபாக்டீரிய வகைகள் இருந்தவர்களுக்குக் கணைய ஆபத்து குறைவாக இருந்தது. குடலில் வில்லன், கணையக் கணக்கில் நல்லவன். அதனால்தான் "வாயை மொத்தமாகக் கழுவிக் கொல்" என்ற யோசனை எடுபடாது.

நுண்ணோக்கி
மார்ச் 4, காலை 7.05

பல்லவன் சொன்னதில் ஒரு திருத்தம், நானும் அதே தப்பைத்தான் செய்தேன். ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்று ஒரே ஆளாகப் பேசுகிறோம். 2024இல் வந்த ஆய்வு அதன் அனிமாலிஸ் என்ற துணையினத்தையே இரண்டாகப் பிரித்துக் காட்டியது. பெருங்குடல் கட்டிகளில் பெருகியிருப்பது இரண்டாம் கிளை மட்டும். அது அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும், இரைப்பையைத் தாண்டிக் குடலில் பிழைக்கக்கூடும். முதல் கிளை அப்படிப் பெருகவில்லை. ஆகவே "உங்கள் வாயில் ஃபூசோபாக்டீரியம் இருக்கிறது" என்று ஓர் அறிக்கை வந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. ஈறு நோயே இல்லாத வாயிலும் அது இருக்கும்.

இன்னொன்று. கட்டிகளில் பாக்டீரியா என்ற செய்திகளை எல்லாம் ஒரே எடையில் நம்பவேண்டாம். 2020இல் 33 வகைப் புற்றுநோய்களில் ஒவ்வொன்றுக்கும் தனி நுண்ணுயிர்க் கையெழுத்து உண்டு என்று பெரிய ஆய்வுக்கட்டுரை வந்தது. 2024இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். மனித டி.என்.ஏ. துண்டுகளைக் கணினி பாக்டீரியா என்று எண்ணியிருந்தது. போதாததற்கு, தரவைச் சமன் செய்த முறையே இல்லாத வேறுபாட்டை உண்டாக்கிவிட்டது. கிருமி கொஞ்சமாக இருக்கும் திசுவில், மாதிரியை விடப் பரிசோதனைத் திரவத்தில் அதிகக் கிருமி டி.என்.ஏ. இருக்கலாம். வெற்றுக் குழாயையும் கூடவே ஓட்டினார்களா என்று பாருங்கள். ஓட்டாத ஆய்வை அடுத்த பக்கம் புரட்ட வேண்டியதில்லை.

பல்லவன்
மார்ச் 4, மாலை 6.10

திருத்தம் ஏற்றேன்.

ஈறு நோய் என்று எதைச் சொல்கிறோம் என்றும் யாரும் கேட்கவில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே லேசாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளக்கவேண்டும். 1 முதல் 3 மி.மீ. சரி. 4க்கு மேல் போய், தொட்டதும் இரத்தம் கசிந்தால் அந்தப் பைக்குள் ஆக்சிஜன் இல்லாத உலகம் ஒன்று குடியேறியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே பிரஷ் போகாது, மவுத்வாஷும் போகாது. மவுத்வாஷ் ஈறுக்குக் கீழே ஒரு மி.மீ. கூட உருப்படியாக இறங்குவதில்லை. வேர் வரை காரையைச் சுரண்டி எடுத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி அளந்து, பை சுருங்கியதா என்று பார்க்கவேண்டும். பல்லிடுக்குக்குச் சரியான அளவுப் பிரஷ் என்றால் லேசாகப் பிடித்துக்கொண்டு நுழையும். வழுக்கிக்கொண்டு போனால் சிறியது.

புகை பிடிப்பவர்களுக்கு ஈறில் இரத்தம் கசிவது குறையும், நோய் குறைந்ததால் அல்ல. இரத்தம் வரவில்லை என்று ஏமாந்து பல் ஆடும்போது வருவார்கள்.

இதைச் செய்தால் புற்றுநோய் குறையும் என்று நான் சொல்லவில்லை. பல் நிற்கும். அது போதாதா?

கல்வெட்டு
மார்ச் 4, இரவு 9.00

ஆக வாய்க் கிருமி கேஸ் தள்ளுபடி.

நுண்ணோக்கி
மார்ச் 4, இரவு 9.35

தள்ளுபடி இல்லை, வாய்தா. ஓர் இடத்தில் கிருமியும் மரபணுவும் கைகோத்து வேலை செய்வது நன்றாகவே தெரிகிறது: மது.

மது உடைந்து முதலில் அசிடால்டிஹைடு ஆகிறது. அதை அசிட்டேட் ஆக்கும் நொதியின் மரபணு ஏ.எல்.டி.எச். 2. கிழக்காசிய மக்களில் பலருக்கு இதில் ஓர் எழுத்து மாறியிருக்கும். நொதி நான்கு துண்டு சேர்ந்த இயந்திரம், ஒரு துண்டு கெட்டாலும் இயந்திரம் தடுமாறும், அதனால் ஒரே பிரதி கெட்டாலே பாதிப்பு பெரிது. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவக்கும். இவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து மற்றக் குடிகாரர்களை விடப் பல மடங்கு.

வாயில் நைசீரியா போன்ற பாக்டீரியாக்களும் கேண்டிடா பூஞ்சையும் மதுவை அங்கேயே அசிடால்டிஹைடாக மாற்றுகின்றன. கல்லீரல் சாவகாசமாகச் செய்வதை இவை நாக்கின் மேலேயே செய்கின்றன. உமிழ்நீரில் அதன் செறிவு இரத்தத்தில் இருப்பதை விட அதிகம். அந்த உமிழ்நீர் போகும் பாதைதானே உணவுக்குழாய்? சிவப்பை மறைக்க அமிலம் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு குடிப்பவர்கள் உண்டு. சிவப்பு மறையும், அசிடால்டிஹைடு இருக்கும். அபாய மணியின் கம்பியை அறுக்கும் வேலை.

மரபுவழி
மார்ச் 4, இரவு 10.20

அதோடு ஒரு முடிச்சு. அசிடால்டிஹைடு டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் குறுக்கே தைத்துவிடும். அந்தத் தையலைப் பிரிப்பது ஃபான்கோனி மரபணுக் குழு. இரண்டு பிரதியும் கெட்டவர்களுக்கு ஃபான்கோனி இரத்தசோகை என்ற அரிய பிறவி நோய். வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து நூற்றுக்கணக்கான மடங்கு, அதுவும் இளவயதில். அந்தக் குழுவில் ஒருவரின் இன்னொரு பெயர்தான் பி.ஆர்.சி.ஏ. 2. மார்பக மரபணு என்று நாம் ஒட்டிய சீட்டு அதற்குத் தெரியாது.

புகையிலை, மது எதுவும் இல்லாத இளைஞருக்கு வாயில் புற்றுநோய் என்றால், சிகிச்சைக்கு முன் ஃபான்கோனி பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும். மைட்டோமைசின்-சி என்ற மருந்தை இட்டு குரோமோசோம் உடைகிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. ஏன் அவசரம் என்றால், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் அதே குறுக்குத் தையலைத்தான் போடுகிறது. வழக்கமான அளவே இவர்களுக்கு உயிராபத்து.

கல்வெட்டு
மார்ச் 5, காலை 9.10

வைரஸ் பக்கம் வாருங்கள். முத்தம் கொடுத்தால் புற்றுநோய் ஒட்டுமா, நேரே சொல்லுங்கள். கேட்பது ஒரு நண்பருக்காக.

நுண்ணோக்கி
மார்ச் 5, காலை 9.32

நண்பருக்குச் சொல்லுங்கள்: புற்றுநோய் ஒட்டாது, வைரஸ் ஒட்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சில் வழியாகவே பரவுகிறது, உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அது ஏற்கெனவே உண்டு. நண்பரும் முத்தத்துக்கு முன்பே வாங்கியிருப்பார். மிகச் சிலருக்கே மூக்குத் தொண்டைப் புற்றுநோயோ லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயோ வருகிறது. அந்தச் சிலர் யார் என்பதில் மரபணு மறுபடி நுழைகிறது, வைரஸை நோயெதிர்ப்புக்குக் காட்டிக் கொடுக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் வழியாக.

எல்லாரிடமும் இருக்கும் வைரஸை வைத்து நோயைத் தேட முடியுமா? முடிந்திருக்கிறது. ஹாங்காங்கில் அறிகுறி ஏதுமில்லாத 20,174 ஆண்களின் இரத்தத்தில் அந்த வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடினார்கள். முதல் சுற்றில் 1,112 பேருக்கு இருந்தது. சுமார் நான்கு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 309 பேருக்கு மட்டுமே நீடித்தது. அவர்களை மட்டும் அகநோக்கியிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்து 34 பேருக்குப் புற்றுநோய் கண்டார்கள், பெரும்பாலும் ஆரம்ப நிலை. 2017இல் வந்தது. முதல் முடிவோடு நின்றிருந்தால் ஆயிரம் பேரைச் சும்மா அலைக்கழித்திருப்பார்கள்.

நுண்ணோக்கி
மார்ச் 5, மாலை 5.45

எச்.பி.வி.க்கு வருகிறேன். மரபுவழி சொன்ன நட்சனை நினைவில் வையுங்கள், அந்த விழித்திரைக் கட்டியில் கெட்டுப் போவது ஆர்.பி. மரபணு. எச்.பி.வி. 16இன் இ-7 என்ற புரதம் செய்வதும் அதே ஆர்.பி.யை முடக்குவதுதான். கூடவே இ-6 என்ற புரதம் போய், கெட்ட செல் பெருகாமல் தடுக்கும் பி-53ஐச் சிதைக்கிறது. அந்த பி-53 பிறவியிலேயே கெட்டவர்களுக்கு லி-ஃப்ராமேனி என்ற பரம்பரைப் புற்றுநோய்க் குறைபாடு. குடும்பத்தில் மரபணுவாக வந்து கெடுப்பதை வைரஸ் வெளியிலிருந்து வந்து கெடுக்கிறது. பூட்டு ஒன்றே, சாவி வேறு.

இது கண்ணாடித் தகட்டிலேயே தெரியும். ஆர்.பி. முடங்கினால் பி-16 என்ற புரதம் கட்டுக்கடங்காமல் பெருகும். டான்சில் அல்லது அடிநாக்கு பயாப்ஸியில் பி-16 சாயம் போட்டு, 70 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட செல்களில் கருவிலும் செல்சாற்றிலும் ஓரளவாவது அழுத்தமாகப் பழுப்பு ஏறியிருந்தால் எச்.பி.வி. சார்ந்தது என்று எடுக்கிறோம். 40 சதவீதத்தில் ஏறியிருந்தால் அது "கொஞ்சம் பாசிட்டிவ்" அல்ல, நெகட்டிவ். ஏறத்தாழ பத்தில் ஒன்றில் பி-16உம் வைரஸ் பரிசோதனையும் ஒத்துப்போகாது, ஆகவே சிகிச்சையைக் குறைக்க நினைத்தால் இரண்டையும் பார்க்கவேண்டும். கன்னத்திலும் நாக்கின் முன்பகுதியிலும் வரும் புற்றுநோய்க்கு எச்.பி.வி. சிறு காரணம்தான். அங்கே புகையிலை, மது, பாக்கு. இந்த இரண்டையும் "வாய்ப் புற்றுநோய்" என்று ஒரே சொல்லில் அடக்குவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

பல்லவன்
மார்ச் 5, மாலை 6.20

எச்.பி.வி. வகை வாயில் புண்ணாகவே தெரியாமல் போகலாம், கட்டி டான்சில் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். முதலில் தெரிவது கழுத்தில் வலியில்லாத வீக்கம். நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் கழுத்தில் புதிதாக நீர்க்கட்டி என்றால் ஊசியால் எடுத்துப் பரிசோதிக்கும்வரை அதை நீர்க்கட்டி என்று நம்பக்கூடாது. வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு மூன்று வாரம் தாண்டினால் பயாப்ஸி.

எச்சிலில் எச்.பி.வி. இருக்கிறதா என்று பணம் கொடுத்துப் பார்க்கவேண்டாம். பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானாகப் போய்விடும். இருக்கிறது என்று வந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நுண்ணோக்கி
மார்ச் 5, இரவு 8.00

கல்லீரல் வைரஸ்கள் சுருக்கமாக. ஹெபடைடிஸ் பி தன் டி.என்.ஏ.வை நம் குரோமோசோமுக்குள் செருகிவிடும், ஆகவே சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது, வராமலேயே புற்றுநோய் வரலாம். ஹெபடைடிஸ் சி செருகாது, பெரும்பாலும் சிரோசிஸ் வழியாகத்தான் வரும். சி-க்கு 8 முதல் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணம். ஆனால் அதற்குள் சிரோசிஸ் வந்திருந்தால், வைரஸ் போனபின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடரவேண்டும். குணமாகிவிட்டது என்று ஸ்கேனை விட்டவர்களிடம்தான் பெரிய கட்டியைப் பார்க்கிறோம். பி-க்கு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி.

எச்.பி.வி. தடுப்பூசி: 9 முதல் 14 வயதுக்கு இரண்டு ஊசி, 15 முதல் மூன்று. ஸ்வீடனில் 17 வயதுக்குள் போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே இருக்கும் தொற்றை அது விரட்டாது.

கல்வெட்டு
மார்ச் 6, காலை 7.30

கட்சி மாறவில்லை, ஆனால் "ஒன்றுதான்" என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். 14 வயதில் முதல் ஊசி போட்டு, இரண்டாவதற்குள் 15 ஆகிவிட்டால் எத்தனை ஊசி?

நுண்ணோக்கி
மார்ச் 6, காலை 7.44

முதல் ஊசி அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. 15 முடியுமுன் என்று நான் சொல்லவில்லை, 15ஆம் பிறந்தநாளுக்கு முன் முதலாவதைப் போட்டிருந்தால் இரண்டே போதும், இடைவெளி 6 முதல் 12 மாதம். ஐந்து மாதத்துக்கு முன்பே இரண்டாவதைப் போட்டுவிட்டால் மூன்றாவது தேவை. நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு எந்த வயதிலும் மூன்று. 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயதுக்கு ஒற்றை ஊசியையும் ஏற்கிறது, ஆகவே நாட்டுக்கு நாடு அட்டவணை மாறும். நேற்று இதையெல்லாம் ஒரே வரியில் அமுக்கியது என் தப்பு.